நிழலும் நேரமும்: செங்கல்பட்டு–மாமல்லபுரம் வட்டாரத்தில் குடும்பங்களின் வெளிவாழ்க்கை

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு குழந்தை வெளியே ஓடியாட மிகவும் ஏற்றது தை மாதம். சற்றும் ஏற்காதது கத்திரி. ஆனால் பள்ளிகள் நீண்ட விடுமுறை விடுவது கத்திரியில்தான். ஆண்டு முழுவதும் வகுப்பறையில் இருந்த பிள்ளைகளுக்கு ஓய்வு கிடைக்கும்போது வெளியே கால் வைக்க முடிவதில்லை. வெளியே இதமாக இருக்கும்போது ஓய்வு கிடைப்பதில்லை. 2023-இல் வெயில் தணியாததால் தமிழகப் பள்ளிகளின் திறப்பு ஜூன் 1-இலிருந்து தள்ளிக்கொண்டே போய், 6 முதல் 12 வரையிலான வகுப்புகளுக்கு ஜூன் 12-லும் தொடக்க வகுப்புகளுக்கு ஜூன் 14-லும் நடந்தது. 2024-லும் ஜூன் 6 என்றிருந்த திறப்பு ஜூன் 10-க்குப் போனது. அதே ஆண்டு அக்டோபரில் தமிழக அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது.

பேரிடராகிவிட்ட வெயிலில் ஒரு குடும்பம் எங்கே, எப்போது, எப்படி வெளியே போவது? கேள்வி பொழுதுபோக்கைப் பற்றியதாகத் தோன்றலாம். ஒற்றை அறையில், தகரக் கூரைக்கோ ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கோ கீழே வாழும் குடும்பத்துக்கு வெளி என்பது வீட்டின் மற்றோர் அறை. மாலையில் கூரை பகலின் சூட்டை உள்ளே இறக்கும்போது அவர்கள் போக வேறு அறை இல்லை. அதனால் இதைப் பொதுநலம் சார்ந்த கேள்வியாகவே எடுத்துக்கொள்கிறேன். இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான்: வெப்பமான கடலோர ஊரில் பூங்காவின் தரத்தை அதன் ஏக்கர் கணக்கோ விளையாட்டுக் கருவிகளோ தீர்மானிப்பதில்லை. அது தரும் நிழலும் அதன் கதவு திறந்திருக்கும் நேரமும் தீர்மானிக்கின்றன. இந்த இரண்டையும் இந்த மண்ணின் பழைய வழக்கங்கள் அறிந்திருந்தன. இன்றைய திட்டமிடல் இரண்டையுமே கைவிட்டிருக்கிறது.

வெயிலின் கணக்கு

செங்கல்பட்டும் மாமல்லபுரமும் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 12.6 டிகிரியில் இருக்கின்றன. ஏப்ரல் 24-ஐ ஒட்டியும் ஆகஸ்ட் 18-ஐ ஒட்டியும் நண்பகல் சூரியன் இங்கே நேர் உச்சியில் நிற்கிறது. நட்ட கம்புக்கு நிழல் விழுவதில்லை. சித்திரை, வைகாசி நண்பகலில் சுவரோ மதிலோ நிழல் தராது என்பது இதன் நடைமுறைப் பொருள். தலைக்கு மேல் விரிந்த ஒன்றுதான் நிழல் தரும்: மரத்தின் கவிகை, மண்டபம், பந்தல். மாலை 4 மணிக்கு வெயில் மேற்கிலிருந்து, மே மாதத்தில் சற்று வடமேற்காகச் சாய்ந்து வருகிறது. அப்போது விளையாட்டுத் திடலைக் காப்பது அதன் மேற்கிலும் வடமேற்கிலும் நிற்கும் மரங்கள். எந்தப் பக்கம் மரம் நடுவது என்ற கேள்விக்கு இந்த வானமே விடை வைத்திருக்கிறது.

அடுத்தது காற்று. கோடைக் காலையில் நிலம் கடலைவிட வேகமாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து குளிர்ந்த காற்று வருகிறது. நல்ல நாளில் நண்பகலை ஒட்டியே கடற்காற்று கரையேறி வெப்பநிலையைச் சில டிகிரி இறக்கிவிடும். மேலைக்காற்று வலுத்திருந்தால் அதைத் தள்ளிக்கொண்டு வரக் கடற்காற்றுக்கு நேரமாகிறது. பாதரசம் 40-ஐத் தாண்டுவது பெரும்பாலும் அத்தகைய நாட்களில்தான். 2003 மே 31 அன்று சென்னை நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவானது. கரையிலிருக்கும் மாமல்லபுரத்தைக் கடற்காற்று முதலில் தொடுகிறது. மேற்கே உள்ளடங்கிய செங்கல்பட்டுக்கு அது பிந்தியும் வலுக்குறைந்தும் வந்து சேர்கிறது. ஒரே மாவட்டத்தில், ஒரே நாளில், இரண்டு ஊர்களின் இதமான நேரங்கள் வேறுவேறு.

கடற்காற்று குளுமையோடு ஈரத்தையும் கொண்டுவருகிறது. உடல் வெப்பத்தை வெளியேற்ற நமக்கிருக்கும் முக்கிய வழி வியர்வை காய்வது. காற்றில் ஈரம் மிகும்போது வியர்வை காயாமல் வழிகிறது. அதைத்தான் புழுக்கம் என்கிறோம். சமவெளியில் வெப்ப அலை என்று சொல்ல 40 டிகிரியை அடிப்படையாகக் கொள்ளும் இந்திய வானிலை ஆய்வுத் துறை, கடலோர ஊர்களுக்கு 37 டிகிரியையும், வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடியிருப்பதையும் வரம்பாகக் கொள்கிறது.

குழந்தைகளுக்கு இது இன்னும் கடினம். எடையோடு ஒப்பிட்டால் குழந்தையின் தோல் பரப்பு பெரியது. சுற்றுப்புறம் உடலைவிடச் சூடாகும்போது அந்தப் பரப்பின் வழியே வெப்பம் உள்ளே ஏறுகிறது. வியர்ப்பதும் பெரியவர்களைவிடக் குறைவு. விளையாட்டு மும்முரத்தில் தாகம் தெரியாது. அதற்காகப் பிள்ளைகளை உள்ளேயே வைத்திருப்பதும் தீர்வாகாது. 5 முதல் 17 வயதுவரை நாளொன்றுக்குச் சராசரியாக 60 நிமிடமாவது உடல் நன்றாக அசைந்தாக வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வெளிச்சத்தில் கழிக்கும் நேரம் கூடக் கூட, பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்பதை ஆசிய நாடுகளின் ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. தைவான் 2010-இல் பள்ளிப் பிள்ளைகளை நாளுக்கு 120 நிமிடம் வெளியில் இருக்க வைக்கும் திட்டத்தையே தொடங்கியது. இதற்கு நேர்வெயில் தேவையில்லை என்பது நமக்கு நல்ல செய்தி. மரத்தடி நிழலின் வெளிச்சமே விளக்கெரியும் வகுப்பறையின் வெளிச்சத்தைவிடப் பல மடங்கு அதிகம். பிள்ளைகளுக்கு வேண்டியது வெளி; அந்த வெளி நிழலாக இருந்தாலே போதும்.

ஊர் வைத்திருந்த நாட்காட்டி

இந்த வட்டாரத்தின் குடும்பங்கள் கூட்டமாக வெளியே போகும் நாட்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஓர் ஒழுங்கு தெரிகிறது. காணும் பொங்கல் ஜனவரி நடுவில், பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியிருக்கும் நாட்களில் வருகிறது. அன்றுதான் புளியோதரையும் எலுமிச்சைச் சாதமும் தயிர்ச் சாதமும் கட்டிக்கொண்டு குடும்பங்கள் மாமல்லபுரத்துக்கும் வண்டலூருக்கும் முட்டுக்காட்டுக்கும் கிளம்புகின்றன. ஆண்டில் முழுப் பகலையும் வெளியில் கழிக்கத் தோதான நாள் அது.

மாசி மகம் பிப்ரவரி நடுவுக்கும் மார்ச் நடுவுக்கும் இடையில் வருகிறது. வட தமிழகத்தின் பல பகுதிகளிலிருந்து இருளர் குடும்பங்கள் மாமல்லபுரம் கடற்கரைக்கு வருகின்றன. புடவைகளையும் துணிகளையும் கம்பில் கட்டிக் கூடாரம் அமைத்து, நிலவொளியில் மணலில் இரவைக் கழிக்கிறார்கள். விடியலில் கடலோர மணலில் படிகள் சமைத்துக் கன்னியம்மனை வழிபடுகிறார்கள். மொட்டை, காதுகுத்து, பெண் பார்ப்பது, கல்யாணம் எல்லாம் அந்தக் கரையிலேயே நடக்கின்றன. பகலில் சுடுகிற மணல் இரவில் வேகமாக ஆறிவிடும். பாறையைப் போல வெப்பத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளாது. பௌர்ணமி விளக்குச் செலவை மிச்சப்படுத்துகிறது. சொந்த நிலமில்லாத பல குடும்பங்களுக்கு அந்த ஓரிரு நாட்கள் கடற்கரை வீடாகவும் மண்டபமாகவும் கோயிலாகவும் ஆகிறது. பொதுவெளி என்பதன் முழுப் பொருளை இந்த மாவட்டத்தில் இதைவிடத் தெளிவாகக் காட்டும் நிகழ்வு வேறில்லை என்பேன்.

வெயில் ஏறிய பின் என்ன செய்தார்கள்? பகலை விட்டுவிட்டு இரவுக்குப் போனார்கள். பழைய செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்து, 1997-இல் அது பிரிக்கப்பட்டபோது காஞ்சிபுரம் மாவட்டத்துக்குப் போன ஐயங்கார்குளத்தில் நடவாவிக் கிணறு இருக்கிறது. தரைக்குக் கீழே படியிறங்கிப் போனால் கல் மண்டபம். அதன் நடுவே கிணறு. சித்ரா பௌர்ணமியை ஒட்டி அங்குள்ள தண்ணீரை இறைத்துவிட்டு, காஞ்சி வரதர் அங்கே எழுந்தருளும் இரவு உற்சவம் நடக்கிறது. பிறகு பாலாற்று மணலுக்குப் போகிறார்கள். கோடை உச்சத்தை நெருங்கும் மாதத்தில் நிலத்தடிக் கல் மண்டபத்தையும் ஆற்று மணலையும் நிலவையும் தேர்ந்தெடுத்த ஏற்பாடு இது. திருக்கழுக்குன்றத்தில் பௌர்ணமிதோறும் மலையைச் சுற்றி வரும் கிரிவலத்தில் பாட்டி முதல் பேரன்வரை நடக்கிறார்கள். பல கிலோமீட்டர் நடையைக் குடும்பத்தோடு மேற்கொள்ள மாலையும் இரவுமே உகந்தவை.

இவற்றை யாரும் வெப்பவியல் படித்து வகுக்கவில்லை. பக்தியும் அறுவடையும் நிலவும் சேர்ந்து உருவான வழக்கங்கள் இவை. ஆனால் வெயிலோடு மோதிய வழக்கம் நிலைக்காது. வெயிலுக்கு ஒதுங்கி நடந்தவை நிலைத்திருக்கின்றன. இவற்றிலிருந்து நாம் எடுத்துக்கொள்ளக்கூடிய பாடம், குளிர்ந்த மாதங்களின் பகலையும் சூடான மாதங்களின் இரவையும் விடியலையும் வெளிவாழ்க்கைக்கு ஒதுக்குவது.

இன்று குடும்பங்கள் போகும் இடங்கள்

2019 நவம்பர் 29 அன்று தனி மாவட்டமான செங்கல்பட்டுக்கு வாய்த்த வெளிகள் குறைவானவை அல்ல. வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா 602 ஹெக்டேர். 1855-இல் சென்னையில் தொடங்கிய விலங்குக்காட்சிச் சாலையின் வாரிசாக 1985-இல் இங்கே திறக்கப்பட்டது. கூண்டுக்குப் பதில் அகழி சூழ்ந்த திறந்த அடைப்புகள், இடையிடையே இயற்கைப் புதர்க்காடு என்று அமைந்ததால் நடக்க வேண்டிய தூரம் அதிகம். அந்த நடையைத் தாங்க வைப்பது மரங்கள்தான். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் கரையேறியபோது இங்கே ஆயிரக்கணக்கான மரங்கள் சாய்ந்தன. ஒரு பூங்காவின் உண்மையான முதலீடு எது என்பதை அந்த ஒருநாள் காட்டியது. அடைப்புகளைச் சில மாதங்களில் சீரமைக்கலாம். இழந்த நிழலைத் திரும்பப் பெற ஒரு தலைமுறை வேண்டும். கோடையில் யானைகளுக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறார்கள், மற்ற விலங்குகளுக்கும் குளுமைக்கான ஏற்பாடு செய்கிறார்கள். அந்த அக்கறை முற்றிலும் சரி. வெயிலுக்கு எந்த உயிருக்கு என்ன வேண்டும் என்று திட்டமிட்டுச் செய்யும் அந்த ஒழுங்கு ஊர்ப் பூங்காக்களில் குழந்தைகளுக்கும் வேண்டும்.

வேடந்தாங்கலின் பாடம் வேறு. சுமார் 30 ஹெக்டேர் ஏரி. நீரில் நிற்கும் கடப்ப மரங்களிலும் கருவேல மரங்களிலும் பறவைகள் கூடு கட்டுகின்றன. எச்சம் கலந்த ஏரித்தண்ணீர் வயலுக்கு உரமாவதை அறிந்த ஊர்மக்கள் பறவைகளைச் சுடவிடாமல் காத்தார்கள். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் கலெக்டராக இருந்த லயோனல் பிளேஸிடம் அதற்கான உரிமையையும் பெற்றார்கள். 2022-இல் வேடந்தாங்கலும் அருகிலுள்ள கரிக்கிலியும் ராம்சர் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. பறவைகள் வரும் நவம்பர் முதல் மார்ச் வரையிலான பருவம் மனிதர்கள் வெளியே நடப்பதற்கும் உகந்தது. இங்கே பருவத்தைப் பறவையே வகுத்துவிடுகிறது. அதற்கேற்பக் குடும்பங்கள் வருகின்றன.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் 1976-இல் ரோமுலஸ் விட்டேக்கர் தொடங்கிய முதலைப் பண்ணை கடலோர மணலில் அமைந்தது. இன்று அங்கே போகிறவர்கள் மரநிழலில்தான் நடக்கிறார்கள். உப்புக்காற்றடிக்கும் மணலிலும் அடர்ந்த நிழலை வளர்க்க முடியும் என்பதற்கு அதுவே சான்று. முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா, தென்னிந்திய ஊர்களிலிருந்து பெயர்த்துக் கொண்டுவந்த பழைய வீடுகளின் அருங்காட்சியகம். செட்டிநாட்டு வீட்டின் முற்றத்தில் நின்றால் சூடான காற்று மேலே போவதும், திண்ணையில் உட்கார்ந்தால் தாழ்ந்த கூரை வெயிலை மறைப்பதும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தாமலே புரியும்.

மாமல்லபுரத்தின் சிக்கல் நேரம். 1984-இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்த இந்தச் சின்னங்கள் பெரும்பாலும் திறந்த கருங்கல்லில் இருக்கின்றன. காலை 11 மணிக்குப் பேருந்திலிருந்து இறங்கும் குடும்பம், ஐந்து ரதங்களையும் அருச்சுனன் தபசையும் வெண்ணெய்ப் பந்தையும் நண்பகல் வெயிலிலேயே பார்க்க நேர்கிறது. வெண்ணெய்ப் பந்துக்குப் பக்கத்தில் பிள்ளைகள் சறுக்கிச் சறுக்கி மழமழப்பான பாறை அப்போது தொடையைச் சுடும். கருங்கல் பகலெல்லாம் வெப்பத்தைக் குடித்து அந்தியிலும் அதைக் கக்கிக்கொண்டிருக்கிறது. அதனால் மாலை 4 மணியைவிடக் காலை 6 மணியே அங்கே இதமானது. இரவு முழுக்க ஆறிய கல், கிழக்கிலிருந்து சாயும் வெளிச்சம், தலையில் இறங்காத வெயில். கிருஷ்ண மண்டபத்தில் கோவர்த்தனக் காட்சியைப் பல்லவர்கள் திறந்த பாறையில் செதுக்கினார்கள். அதன் முன்னே தூண் மண்டபம் எழுந்தது விஜயநகரக் காலத்தில். மலையைக் குடையாகப் பிடித்து ஊரையும் மாடுகளையும் காக்கும் அந்தக் காட்சிக்கு முன்னால், பிற்காலத்தார் சேர்த்த மண்டபத்து நிழலில்தான் இன்றைய குடும்பங்கள் சற்று நேரம் உட்கார்கின்றன. தொன்மையைக் கெடுக்காமலே நிழலைச் சேர்க்கலாம் என்பதற்கு இதே ஊரில் சில நூற்றாண்டுக்கு முந்தைய முன்னுதாரணம் இருக்கிறது.

பிறகு கடல். 2021-இல் கோவளம் கடற்கரைக்கு நீலக்கொடிச் சான்று கிடைத்தது. நீரின் தூய்மை, கழிப்பறை, உயிர்காப்பு, மாற்றுத்திறனாளிகளுக்கான வழி எல்லாம் அந்தச் சான்றின் நிபந்தனைகள். அத்தகைய ஏற்பாடு இல்லாத கரைகளில் கோடை மாலைகள் ஆபத்தானவை. அலைகள் கரைக்குக் கொண்டுவந்த நீர் ஒரு குறுகிய தடத்தில் திரண்டு கடலுக்குத் திரும்பும். அலை குறைந்து அமைதியாகத் தெரியும் அந்த இடமே ஆளை உள்ளே இழுக்கும் இடம். இழுப்பை எதிர்த்து நீந்துகிறவர் களைத்து மூழ்குகிறார். கரைக்கு இணையாக நீந்தினால் அந்தத் தடத்தைவிட்டு வெளியேறலாம். இதை இந்தக் கரையில் ஒவ்வொரு பள்ளிப் பிள்ளையும் அறிந்திருக்க வேண்டும். வெயில் காலத்தில் மக்கள் பொழுது சாயும் வேளையில்தான் கடலுக்கு வருகிறார்கள். ஆகவே உயிர்காப்பாளரின் பணிநேரமும் விளக்கும் அதற்கேற்ப நீள வேண்டும்.

ஊருக்குள் இருக்கும் வெளி

இதுவரை சொன்ன இடங்களுக்கு ஆண்டுக்கு ஓரிரு முறை போகலாம். ஒரு குழந்தையின் அன்றாடத்தைத் தீர்மானிப்பது நடந்து போகும் தூரத்திலுள்ள பூங்கா. மத்திய அரசின் நகரத் திட்டமிடல் வழிகாட்டி ஆளுக்கு 10 முதல் 12 சதுர மீட்டர் திறந்தவெளி வேண்டும் என்கிறது. செங்கல்பட்டு நகராட்சியின் மக்கள்தொகை 2011 கணக்கெடுப்பில் 62 ஆயிரத்துக்கு மேல். அதற்கே 62 ஹெக்டேர், அதாவது 150 ஏக்கருக்கு மேல் தேவை. ஊஞ்சலும் சறுக்குமரமும் வைத்த சிறு பூங்காக்களைக் கொண்டு இந்தக் கணக்கை எட்ட முடியாது. ஏரிக்கரை, பள்ளி மைதானம், குளக்கரை ஆகியவற்றையும் சேர்த்தால்தான் எட்டலாம்.

புதிய குடியிருப்புகளுக்குச் சட்டம் ஒரு வழி வைத்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகளின்படி, 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 விழுக்காட்டைத் திறந்தவெளி ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதித் தர வேண்டும். ரியல் எஸ்டேட்காரர்களும் நகராட்சி அலுவலர்களும் ஓஎஸ்ஆர் இடம் என்று சொல்வது இதைத்தான். கூடுவாஞ்சேரி, மறைமலைநகர், சிங்கப்பெருமாள்கோயில் என்று ஜிஎஸ்டி சாலையை ஒட்டி ஊர்கள் பெருகப் பெருக, இந்த ஓஎஸ்ஆர் துண்டுகளும் பெருகுகின்றன. 2022-இல் சென்னைப் பெருநகரப் பகுதி 1,189 சதுர கிலோமீட்டரிலிருந்து 5,904 சதுர கிலோமீட்டராக விரிக்கப்பட்டபோது இந்த மாவட்டத்தின் பெரும்பகுதி அதற்குள் வந்தது. நாளைய பூங்காக்களின் நிலம் இன்றே கைமாறிக்கொண்டிருக்கிறது. அதில் என்ன வரும் என்பதே கேள்வி.

வழக்கமாக வருவது தெரிந்ததே: சுற்றுச்சுவர், கேட், பேவர் பிளாக் நடைபாதை, கொரியன் புல், வெட்டவெளியில் சறுக்குமரமும் ஊஞ்சலும், ஓரத்தில் திறந்தவெளி ஜிம். வெயிலில் கிடக்கும் இரும்புச் சறுக்குமரமும் பிளாஸ்டிக் இருக்கையும் ரப்பர் தரையும் காற்றைவிடப் பல டிகிரி கூடுதலாகச் சூடேறும். பிஞ்சுத் தோல் சுட்டுப் புண்ணாவதைப் பற்றி அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் பெற்றோரை எச்சரிக்கிறது. புல்வெளி நிறையத் தண்ணீர் குடித்தாலும் நிழல் தருவதில்லை. சுற்றுச்சுவர் கிழக்கிலிருந்து வரும் கடற்காற்றைத் தரை மட்டத்தில் தடுக்கிறது. அந்த மட்டத்தில்தான் குழந்தைகள் இருக்கிறார்கள்.

ஒரு மரம் செய்வதைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். மரத்தடியில் காற்றின் வெப்பநிலை ஓரிரு டிகிரிதான் குறையும். ஆனால் உடல் மேல் விழும் நேர்வெயிலையும், சுட்ட தரையிலிருந்து எழும் வெக்கையையும் மரம் தடுத்துவிடுகிறது. நிழலுக்குள் நுழைந்ததும் ஆசுவாசமாக இருப்பதற்குக் காரணம் அதுவே. ஆகவே கோடையில் இலையோடு நிற்கும் மரம் எது என்று பார்த்து நட வேண்டும். புங்கையும் வேம்பும் இலையுதிர்த்து, சித்திரைக்குள் புதுத்தளிர் விட்டு அடர்ந்துவிடும். ஆல், அரசு, நாவல், இலுப்பை உள்நாட்டு மண்ணுக்குப் பொருந்தும். உப்புக்காற்றைத் தாங்கும் புன்னையும் பூவரசும் கடலோரத்துக்கு ஏற்றவை. அழகுக்காக நடும் செம்மயிற்கொன்றை நிழல் மிகவும் வேண்டிய மாதங்களில் மொட்டையாக நின்று பிறகு பூக்கிறது. புயலுக்கும் எளிதில் முறிகிறது. மாநிலத்தின் காடு மற்றும் மரப்பரப்பை 23.7 விழுக்காட்டிலிருந்து 33 விழுக்காடாக உயர்த்தும் பசுமைத் தமிழ்நாடு இயக்கம் 2022 செப்டம்பரில் தொடங்கிவைக்கப்பட்டது இந்த மாவட்டத்து வண்டலூரில்தான். அந்த இயக்கத்தின் கன்றுகளில் ஒரு பங்கு ஓஎஸ்ஆர் இடங்களின் மேற்கு எல்லைக்கு வந்தாக வேண்டும்.

இனி ஏரிகள். இது ஏரிகளின் மாவட்டம். ரயிலில் செங்கல்பட்டை நெருங்கும் எவர் கண்ணிலும் முதலில் படுவது கொளவாய் ஏரி. கூடுவாஞ்சேரிக்கு நந்திவரம் ஏரி, பொத்தேரிக்கு அதன் ஏரி, மதுராந்தகத்துக்கு மாவட்டத்தின் பேரேரிகளில் ஒன்று. அகன்ற நீர்ப்பரப்பின் மேல் காற்று தடைபடாமல் வருகிறது. கரை உயரமாக இருப்பதால் அந்தக் காற்று நடப்பவர் மேல் நேரே படுகிறது. ஏரிக்கரை பூங்காவாகும்போது இரண்டு தவறுகளைத் தவிர்க்க வேண்டும். முதல் தவறு, நீர்ப்பரப்பைச் சுருக்கி நிலம் எடுப்பது. ஏரி பாசனத்துக்கும் நிலத்தடி நீருக்கும் வெள்ளம் தாங்கவும் வெட்டப்பட்டது. இரண்டாவது, கரை முழுக்கக் கான்கிரீட் போடுவது. மண்பாதை போதும். கரையின் மேல் பழைய வழக்கப்படி பனை நிற்கட்டும். வேர் கரையைத் துளைத்துக் கசிவு உண்டாக்கக்கூடிய பெரிய மரங்களை வெளிப்புற அடிவாரத்திலிருந்து தள்ளி நடலாம். சாக்கடை ஏரிக்குள் போவதை நிறுத்துவதுதான் முதல் வேலை. நாற்றமடிக்கும் நீரருகே எந்தக் குடும்பமும் உட்காராது.

கதவும் மணியும்

பிற ஊர்கள் நேரத்தை எப்படிக் கையாள்கின்றன? 2010 மே மாதத்து வெப்ப அலைக்குப் பின் அகமதாபாத், 2013-இல் தெற்காசியாவின் முதல் வெப்பச் செயல்திட்டத்தை வகுத்தது. எச்சரிக்கை, மருத்துவமனை, குடிநீர் அனைத்தையும் ஒரே திட்டத்தில் பிணைத்தது. பாரிஸ் வெப்ப அலை நாட்களில் பல பூங்காக்களை இரவு முழுக்கத் திறந்துவைக்கிறது. பள்ளி முற்றங்களின் தார்த்தளத்தைப் பெயர்த்து மண்ணும் மரமுமாக்கி, வார இறுதியில் அக்கம்பக்கத்துக் குடும்பங்களுக்குத் திறந்துவிடுகிறது. பார்சிலோனா பள்ளிகளையும் நூலகங்களையும் பூங்காக்களையும் வெயில் புகலிடங்களாக இணைத்திருக்கிறது. நம்மைவிடக் குளிர்ந்த ஊர்கள் இவ்வளவு செய்யும்போது, கோடையையே இயல்பாகக் கொண்ட நம் ஊர்களில் பூங்காக் கதவு இரவில் சீக்கிரமே பூட்டப்படுவதற்கு நியாயமில்லை.

மே மாதத்தில் இங்கே சூரியன் 5.45-ஐ ஒட்டி உதித்து 6.30-ஐ ஒட்டி மறைகிறது. ஆக, குடும்பத்துக்கு ஏற்ற நேரம் விடியற்காலை 5 முதல் 8 வரை, பிறகு மாலை 5 முதல் இரவு 10 வரை. பகலில் கூலி வேலைக்கும் தொழிற்சாலை ஷிப்டுக்கும் போகும் பெற்றோருக்கு இரவு நேரம் மட்டுமே கிடைக்கும். இரவு நேரம் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் பயனுள்ளதாக வேண்டுமென்றால் வெளிச்சமும் தண்ணீர் வரும் கழிப்பறையும் காவலரும் வேண்டும். அவை இல்லாமல் கதவை மட்டும் திறந்துவைத்தால் பூங்கா ஆண்கள் மட்டும் நிற்கும் இடமாகிவிடும். நண்பகலில் வெளியே மாட்டிக்கொள்கிறவர்களுக்கும் நிழலுள்ள பூங்கா தேவை. டெலிவரி ஊழியருக்கும் தள்ளுவண்டிக்காரருக்கும் கட்டட வேலை செய்யும் தாயோடு வந்த குழந்தைக்கும் அந்த மரத்தடியில் இடம் வேண்டும். கோடையில் நாம் தெருமுனையில் வைக்கும் தண்ணீர்ப் பந்தல் பூங்காவுக்குள் நிலையான ஏற்பாடாகலாம்.

பள்ளி நாட்காட்டியையும் தொடாமல் விட முடியாது. கத்திரியில் விடுமுறை விடுவது சரியே. தகிக்கும் வகுப்பறையில் பிள்ளைகளை அடைக்க முடியாது. ஆனால் நவம்பர் மழை ஓய்ந்தபின் தொடங்கி மார்ச் தொடக்கம் வரை நமக்குக் கிடைக்கும் இதமான வாரங்கள் முழுக்கத் திருப்புதல் தேர்விலும் தனிவகுப்பிலும் கரைகின்றன. அந்த மாதங்களில் வாரத்துக்கு ஒரு பிற்பகலையாவது வெளிக்கென்று ஒதுக்கலாம். வேடந்தாங்கலுக்குக் கூட்டிப்போவதும், ஏரிக்கரையில் பாடம் எடுப்பதும், மாமல்லபுரச் சிற்பங்களை விடியலில் காட்டுவதும் செலவு பிடிக்காதவை. தொல்லியல் துறையின் நினைவுச் சின்னங்களில் 15 வயதுக்குட்பட்டோருக்குக் கட்டணமே இல்லை.

இந்த வட்டாரத்து உள்ளாட்சிகளிடம் கேட்க வேண்டியவை நான்கு. ஓஎஸ்ஆர் நிலம் கைக்கு வந்த முதல் மழைக்காலத்திலேயே அதன் மேற்கிலும் வடமேற்கிலும் நாட்டு மரம் நடுங்கள். கருவிகள் வாங்குவது அதற்குப் பின். கடற்காற்று நுழையக் கிழக்குப் பக்கத்துச் சுவரைக் கம்பி வேலியாக்குங்கள். மார்ச் முதல் ஆகஸ்ட் வரை கதவை விடியலில் திறந்து இரவு 10 மணிவரை, விளக்கோடும் தண்ணீரோடும் கழிப்பறையோடும் வைத்திருங்கள். ஏரிக்கரைகளை, நீரைச் சுருக்காமல், நடக்கும் வெளியாக அறிவியுங்கள். இவற்றில் எதற்கும் புதிய சட்டமோ பெரும் நிதியோ வேண்டியதில்லை. மரக்கன்றும் மின்கட்டணமும் காவலர் சம்பளமும்தான் செலவு. இன்று நடும் புங்கை நிழல் தரச் சில ஆண்டுகள் ஆகும். அதனால் இந்த வேலையை அடுத்த ஆண்டுக்குத் தள்ளினால், இப்போது முதல் வகுப்பில் இருக்கும் பிள்ளைகள் நிழலுள்ள பூங்காவைக் காணாமலே தொடக்கப் பள்ளியைத் தாண்டிவிடுவார்கள்.